மலைப்பூண்டில் கார்பன் புள்ளிகள்: வெங்காயத் தோலில் முதல் படம்

அடுத்த முறை கொடைக்கானல் சந்தையில் பூம்பாறைப் பூண்டு வாங்கினால் ஆய்வகத்துக்கும் நாலு பல் எடுத்து வையுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூண்டிலிருந்து, புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கார்பன் புள்ளிகளை, அதாவது மிக நுண்ணிய கார்பன் துகள்களை, செய்யலாம். அளவு 10 நானோமீட்டருக்கும் கீழே. காட்மியம் போன்ற நச்சு உலோகம் இல்லாததால் உயிருள்ள செல்லைப் படமெடுக்க உகந்தவை. பூண்டிலுள்ள நைட்ரஜனும் கந்தகமும் ஒளிர்வைக் கூட்டும்.

படி 1: உரித்த பூண்டு 2 கிராமை நசுக்கி, 20 மில்லி காய்ச்சி வடித்த நீரோடு டெஃப்லான் உறை போட்ட 50 மில்லி ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் உலோகக் கலம்) இட்டு இறுக மூடுங்கள். ஓவனில் 180 டிகிரி, 5 மணி நேரம். நம் மலையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது, அதனால்தான் மூடிய கலம். உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 10 மடங்கு ஏறும். வீட்டுக் குக்கரில் முயலவே வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இரவு முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

படி 2: பழுப்பு நீரை வடிதாளிலும், பிறகு 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் வடிகட்டுங்கள். அடுத்து, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் ஒரு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி. பலர் இதைத் தவிர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடவே உருவாகும் சிறு மூலக்கூறுகளும் ஒளிரும், அவை வெளியேறாவிட்டால் நீங்கள் பார்ப்பது எதன் ஒளி?

படி 3: வெங்காயச் செதிலின் உள்தோலை மெல்ல உரித்து, அரை மணி நேரம் கரைசலில் ஊறவைத்து, இரண்டு முறை கழுவி, ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியில் (புற ஊதா ஒளி பாய்ச்சி, ஒளிர்வதைக் காட்டுவது) வையுங்கள். வெறும் நீரில் ஊறிய இன்னொரு துண்டையும் அதே அமைப்பில் படமெடுங்கள். வெங்காயத்தின் செல்சுவரே புற ஊதாவில் நீலமாக மினுங்கும். முதல் தடவை நான் மகிழ்ந்து காட்டிய படம் அந்தச் சுவர்தான்.

படி 4: எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் 5 சதவீத உப்பு நீர் ஒரு சொட்டு விடுங்கள். செல் உயிரோடு இருந்தால் சில நிமிடங்களில் உள்ளிருக்கும் புரோட்டோபிளாசம் சுவரை விட்டுச் சுருங்கும். செத்த செல் அசையாது. சுருங்கும்போது நீல ஒளியும் கூடவே உள்வாங்கினால், புள்ளிகள் செல்லுக்குள் போயிருக்கின்றன, குறைந்தது அதன் சவ்விலாவது ஒட்டியிருக்கின்றன. ஒளி சுவரிலேயே நின்றுவிட்டால் வெறும் நீர்த் துண்டின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே அளவு ஒளிர்ந்தால், ஊறும் நேரத்தைக் கூட்டி மறுபடி தொடங்க வேண்டியதுதான்.