விடை சரி. எப்படிச் செய்தாய்?

இலங்கையின் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 7க்குக் கணிதம் எடுக்கிறேன். "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டதுமே பிள்ளைகள் அழிறப்பரைத் தேடுவார்கள். டீச்சர் கேட்டால் விடை பிழை என்றே பழகிவிட்டார்கள். ஆகவே முதல் வேலை, சரியான விடைக்கும் இதே கேள்வியைக் கேட்பது. "ஏன் இப்படிச் செய்தாய்?" வேண்டாம், அது ஏசுவது போல இருக்கும். கொப்பியில் ஒரு எண்ணைத் தொட்டு, "இந்த 24 எங்கே இருந்து வந்தது?" என்று கேளுங்கள். வாய் திறக்காத பிள்ளைகூட அதற்குப் பதில் சொல்லும்.

கணக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி உள்ளதாக இருக்க வேண்டும். நான் கொடுப்பது இது: கொழுந்து 240 கிலோ. ஈரத்துக்கும் சாக்குக்குமாக 15 சதவீதம் கழித்தால் மீதி எவ்வளவு?

ஒரு பிள்ளை 15ஐ 240ஆல் பெருக்கி 100ஆல் வகுக்கும். இன்னொன்று, "பத்து சதவீதம் 24 டீச்சர். அதுல பாதி 12. ரெண்டையும் கூட்டினா 36" என்னும். மூன்றாவது பிள்ளை நேரே 85 சதவீதத்தைக் காணும். எல்லாருக்கும் மீதி 204தான். இப்போது ஒருவர் வழியைப் பக்கத்து மேசைப் பிள்ளை விளக்க வேண்டும். தன் வழியைச் சொல்வதைவிட இது கடினம். ஆனால் உண்மையாகக் காது கொடுத்துக் கேட்பது அப்போதுதான். இதற்கு நேரம் போனால் போகட்டும், அடுத்த பயிற்சி நாளைக்கு இருக்கிறது.

எழுதுவதற்குக் கொப்பியின் பக்கத்தை நெடுக்காக மடிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் அதே படி சொற்களில். வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதட்டும், அங்கே எழுத்துப்பிழை திருத்தாதீர்கள். பிழைத்த படியை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு, எங்கே வழி மாறியது என்று பக்கத்தில் எழுத வேண்டும். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையிலும் செய்முறைக்குப் புள்ளி உண்டு என்பதைப் பெற்றோருக்கும் சொல்லி வையுங்கள்.

கணக்குத் தீர்க்கும் படிகளை வகுத்த ஹங்கேரியக் கணிதவியலாளர் ஜோர்ஜ் போல்யா, கடைசிப் படியாக வைத்தது செய்ததைத் திரும்பிப் பார்ப்பதைத்தான். நம் பிள்ளைகளுக்கு அது கைவந்த விஷயம். ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று வைத்து, 320 கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டால், சிலர் பெருக்கி 1600 என்பார்கள். பிழை என்று சொல்லாதீர்கள். "பெக்டரிக்குப் போன கொழுந்து கூடுமா, குறையுமா?" என்று மட்டும் கேளுங்கள். வாடி உலர்ந்தால் எடை குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். தாங்களே 64க்கு வந்துவிடுவார்கள்.

எல்லாக் கணக்குக்கும் விளக்கம் எழுதச் சொன்னால் சலித்துப்போகும். ஒரு பயிற்சிக்கு ஒன்று போதும். எந்தக் கணக்கு என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.