வயிற்றுக்குள் எது எங்கே? உடம்பின் மேலேயே குறித்துப் பார்க்கும் முறை

வலி எங்கே என்று கேட்டால் பலரும் உள்ளங்கையால் வயிறு முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். தமிழில் இரைப்பையும் வயிறுதான், விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள இடம் முழுவதும் வயிறுதான். அதனால் இரைப்பை தொப்புளுக்குப் பின்னால் இருப்பதாகவே மனத்தில் பதிந்துவிடுகிறது. ஒருமுறை தோலின் மேல் குறித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் போய்விடும். நர்சிங் முதலாண்டு மாணவர்களுக்கும் இது நல்ல பயிற்சி.

அளவு நாடாவும் கண்மைப் பென்சிலும் போதும். சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். குறிக்கப்படுபவர் சிறுநீர் கழித்துவிட்டு, பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்க வேண்டும். காலை நீட்டினால் வயிற்றுத் தசை இறுகிக்கொள்ளும். தொடுபவரின் கை சில்லென்று இருந்தாலும் இதேதான் நடக்கும்.

தொப்புளிலிருந்து அளக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. தொப்பை சரிந்தால் தொப்புளும் இறங்கிவிடும், எலும்பு நகராது. கழுத்தடியில் விரல் பதியும் தொண்டைக்குழியிலிருந்து, அடிவயிற்றின் அடியில் நடுவே தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து, சரிபாதியில் குறுக்குக்கோடு போடுங்கள். 52 செ.மீ. இருந்தால் 26இல். இந்த ஒரு கோடு பல உறுப்புகளைக் காட்டிக்கொடுக்கும். வலப்பக்கம் இது விலா விளிம்பைத் தொடும் இடத்துக்குப் பின்னால் பித்தப்பையின் அடிமுனை இருக்கிறது. நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் இரைப்பை முடிந்து முன்சிறுகுடல் தொடங்குகிறது. எழுந்து நின்றால் இரைப்பையின் இந்த முனை கீழே இறங்கிவிடும் என்பதால்தான் படுக்கச் சொல்கிறோம்.

கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோ. இருந்தாலும் பெரும்பகுதி வலது விலாக்கூட்டுக்குள் மறைந்திருக்கும். ஆண்களில் வலது மார்புக்காம்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி விலா விளிம்பு வரை வரையுங்கள். அதன் இடது மடல் நெஞ்சுக்குழியைத் தாண்டிப் போகும். இரைப்பை இடது மேல்வயிற்றில், பாதிக்கு மேல் விலாவுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கும் பின்னால், இடது முதுகுப்பக்கமாக 9, 10, 11ஆம் விலாக்களை ஒட்டி மண்ணீரல். இது செரிமான உறுப்பு அல்ல, ஆனால் அண்டைவீடு. நலமாக உள்ள பெரியவர்களுக்கு மண்ணீரல் பொதுவாகக் கைக்குத் தட்டுப்படாது. தட்டுப்பட்டால் வீங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அழுத்திப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

முன்சிறுகுடல் 25 செ.மீ. நீளத்தில் ஆங்கில எழுத்து ‘சி’ போல வளைந்து கணையத்தின் தலையை அணைத்திருக்கிறது. கணையம் முதுகெலும்புக்கு முன்னால், ஆழத்தில் கிடப்பதால், அது அழன்றால் வலி முதுகுக்குப் பாயும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும்.

தொப்புளைச் சுற்றிச் சிறுகுடல், ஏறத்தாழ 6 மீட்டர். அதற்குச் சட்டம் அடித்தாற்போல் 1.5 மீட்டர் பெருங்குடல்: வலது அடிவயிற்றில் தொடங்கி, மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கும். இடது மேல்வளைவை வலதைவிடச் சற்று உயர்த்தி வரையுங்கள். வலப்பக்கம் கல்லீரல் மேலே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

பெருங்குடலின் தொடக்கத்தில் வால்போல் ஒட்டியிருக்கும் குடல்வாலுக்குத் (அப்பெண்டிக்ஸ்) தனிக் கவனம் தேவை. வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு நேர்கோடு போட்டு, எலும்புப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கில் புள்ளி வையுங்கள். 15 செ.மீ. கோடு என்றால் 5 செ.மீ.யில். அந்தப் புள்ளி குடல்வால் பெருங்குடலோடு சேரும் அடியை மட்டுமே காட்டும். நுனி பெருங்குடலுக்குப் பின்னாலோ இடுப்புக்குழிக்குள்ளோ நீண்டிருக்கலாம். கர்ப்பத்தில் மேலே தள்ளப்பட்டிருக்கலாம். ஆகவே புள்ளியில் வலி இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள்.

குடல்வால் அழற்சி பலருக்குத் தொப்புளைச் சுற்றித்தான் வலிக்கத் தொடங்கும். குடல்வாலின் நரம்பும் தொப்புள் தோலின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சேர்வதால் மூளை இடத்தைத் தவறாகப் படிக்கிறது. அழற்சி வயிற்றின் உட்சுவர்ச் சவ்வைத் தொட்ட பிறகே வலி வலது கீழ்ப்பக்கம் நகர்ந்து, ஒரு விரலால் சுட்டிக்காட்டும்படி ஆகும். மருத்துவரிடம் இந்த நகர்வைக் கட்டாயம் சொல்லுங்கள்: எங்கே தொடங்கியது, எத்தனை மணிக்கு எங்கே போனது.

கடும் வலி உள்ளவரின் வயிற்றில் இந்தப் பயிற்சி வேண்டாம். வயிறு பலகைபோல் இறுகினாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, நெஞ்சுக்குழி வலியோடு வியர்த்துக்கொட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது மாரடைப்பாகவும் இருக்கலாம்.