தரையில் கோடு விழாமல் ஃபிரிட்ஜை நகர்த்துவது எப்படி?

பொங்கலுக்கு வெள்ளையடிக்க, அம்மா வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜை ஒரு முழம் முன்னால் இழுத்தேன். ஆத்தங்குடிக் கல்லில் இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. அது கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிற சிமென்ட் கல். வண்ணம் மேல்பரப்போடு சரி. கீறினால் கீறினதுதான். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் மனசு வலிக்கிறது. அதற்கப்புறம் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் இரண்டையும் கோடு விழாமல் நகர்த்திவிட்டேன். செய்த முறை இதுதான்.

1. பெருக்கி, ஈரத்துணியால் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல்தான் தரைக்கு எமன். எண் கூடக் கூடக் கடினம் கூடுகிற மோஸ் கடினத்தன்மை அளவில் பளிங்கு 3. மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. துணி விரித்தாலும் அடியில் மணல் இருந்தால் அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஈரம் நன்றாகக் காயட்டும்.

2. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இருப்பதை எடுங்கள். கண்ணாடித் தட்டுகளையும் சேர்த்துத்தான். பின்பக்கத் தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

3. முன்கால்களை மேலே ஏற்றுங்கள். நான் கோட்டை விட்ட இடம் இதுதான். பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் பின்னால் சின்னச் சக்கரம் இருக்கும். முன்னால் இருப்பது மட்டம் பார்க்கிற திருகுகால். சக்கரம் இருக்கிறதே என்று நம்பி இழுத்தால், அந்தக் கால் தரையை உழுதுகொண்டே வரும். டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். ஒருவர் ஃபிரிட்ஜைப் பின்னால் லேசாகச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் காலைத் திருகலாம். அரைச்சுற்று திருகியதும் கால் இறங்குகிறதா, ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். இறங்கினால் எதிர்ப்பக்கம் திருகுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொண்டால், திரும்ப மட்டம் வைக்கும்போது வேலை மிச்சம்.

முன்னாலும் சக்கரம் இருந்தால், கால் ஏறியதும் ஃபிரிட்ஜ் அதில் உட்காரும். இல்லையென்றால் காலுக்கு அடியில் துணி கொடுத்தே ஆகவேண்டும்.

4. ஜமுக்காளத்தை நான்காக மடித்து அடியில் தள்ளுங்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் நகர்த்திகளைவிட எனக்குப் பழைய ஜமுக்காளம்தான் பிடிக்கும். கெட்டியாக இருக்கும், சுருண்டு போகாது. சாக்கு வேண்டாம்; அதன் இழைகளுக்குள் மண் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றி வழுக்கவிடும் யோசனை வேண்டவே வேண்டாம். உங்கள் கால்தான் முதலில் வழுக்கும்.

5. ஜமுக்காளத்தின் நுனியைப் பிடித்து இழுங்கள். இன்னொருவர் ஃபிரிட்ஜின் கீழ்ப்பாதியில் கை வைத்து மெதுவாகத் தள்ளட்டும். மேலே தள்ளினால் சாய்ந்துவிடும். அந்தச் சக்கரங்கள் முன்னும் பின்னும்தான் ஓடும். பக்கவாட்டில் திருப்பினால் தேய்த்துவிடும். திருப்ப வேண்டுமானால் பின்பக்கத்துக்கும் துணி கொடுங்கள்.

போகிற வழியில் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போல் சத்தம் வந்தால் அதன் மேல் ஒரு பிளைவுட் பலகை போடுங்கள். நிலைப்படியைத் தாண்டவும் அதே பலகை உதவும்.

வைத்த இடத்தில் கால்களை இறக்கி மட்டம் பாருங்கள். நிமிர்த்தியபடியே நகர்த்தியிருந்தால் உடனே ஆன் செய்யலாம். அதிகமாகச் சாய்த்திருந்தால் சில மணி நேரம் பொறுங்கள்; கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும்.

பிறகு சேர்த்தது: துருப்பிடித்த கால் சுற்றவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் ஸ்பேனரால் திருகுங்கள். பிடிவாதமாகத் திருகினால் கால் உடைந்துவிடும்.

ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் பற்றியும் கேட்டிருந்தார்கள். டிரம் சுற்றும்போது மெஷின் ஆடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள், அதனால்தான் அவ்வளவு கனம். குழாயை மூடி, முன்பக்கக் கீழ் மூடியைத் திறந்து தண்ணீரை வடித்த பிறகு ஜமுக்காளத்தில் ஏற்றுங்கள். வீடு மாறும்போது, வாங்கிய அன்று கழற்றிய போல்ட்களை, அதாவது வழியில் டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்கிறவற்றை, திரும்ப மாட்ட வேண்டும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.