‘பிடிஎஃப் சரியா வரலை’ என்று மட்டும் எழுதாதீர்கள்

“அண்ணே, பாண்டாக்ல பக் இருக்கு. பிடிஎஃப்ல தமிழே வரலை.” எங்கள் சிற்றிதழுக்கு எழுதுகிறவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் செய்தி இது. இதழின் கட்டுரைகளை எல்லாம் மார்க்டவுனில், அதாவது தலைப்பு, பட்டியல் போன்றவற்றைச் சிறு குறிகளால் காட்டும் வெறும் உரைக்கோப்பாக வைத்திருக்கிறோம். அச்சகத்துக்கு பிடிஎஃப், கைப்பேசியில் படிப்பவர்களுக்கு இபப், மெய்ப்பு பார்ப்பவருக்கு வேர்ட் கோப்பு என்று, ஒரு வடிவக் கோப்பை இன்னொரு வடிவமாக்கும் பாண்டாக் என்ற மென்பொருளை வைத்து மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. அதனால் வழு (பக்) பற்றிய புகார் என்றால் முதலில் என்னிடம்தான் வருகிறது. பெரும்பாலானவை பாண்டாக் வரைக்கும் போகவே தேவையில்லாதவை. போக வேண்டியவற்றை எப்படி எழுதி அனுப்புவது என்பதையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

பாண்டாக்கை 2006இல் எழுதத் தொடங்கியவர் ஜான் மெக்ஃபார்லேன், பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். இன்றும் பாண்டாக்கின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் இஷ்யூக்களை (அங்கே பதிவாகும் புகார்களை) பார்த்துப் பதில் சொல்பவர்களில் அவரும் ஒருவர். அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் கட்டுரையும் தெரியாது, உங்கள் கணினியும் தெரியாது, தமிழும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள் அனுப்புவதை வைத்து அவர்கள் தங்கள் கணினியில் அதே கோளாறை வரவழைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் உங்கள் இஷ்யூ கேள்விகளோடு அப்படியே கிடக்கும்.

முதல் வேலை, கோளாறு எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று பார்ப்பது. பாண்டாக் உங்கள் உரையைப் படித்து, தனக்குள் ஒரு மர அமைப்பாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து கேட்ட வடிவத்தை எழுதுகிறது. பிடிஎஃப் என்றால் இன்னொரு கட்டமும் உண்டு. பாண்டாக் லாடெக் கோப்பை எழுதிக் கொடுக்க, பிடிஎஃப்பைச் செய்வது லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள். ஆகவே படிப்பதில் தவறா, எழுதுவதில் தவறா, லாடெக்கில் தவறா என்று மூன்று கேள்விகள்.

நடுவில் இருக்கும் மரத்தைப் பார்க்க, வெளியீட்டு வடிவமாக ‘நேட்டிவ்’ கொடுங்கள். ஒரு உதாரணம். இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

வாங்க வேண்டியவை:
- அரிசி
- பருப்பு

கிட்ஹப்பில் இது பட்டியலாகத் தெரியும். பாண்டாக்கில் மூன்று வரியும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு வரும். நேட்டிவில் பார்த்தால் ‘புல்லட்லிஸ்ட்’ என்ற சொல்லே இருக்காது. ஒரே ஒரு ‘பாரா’, அதற்குள் ‘சாஃப்ட்பிரேக்’, சிறு கோடு, மறுபடி ‘சாஃப்ட்பிரேக்’. அதாவது படிக்கும்போதே அது பட்டியலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. வேர்டையோ லாடெக்கையோ குறை சொல்லிப் பயனில்லை. இது வழுவும் அல்ல. பத்திக்கு அடுத்து பட்டியல் வந்தால் நடுவில் ஒரு வெற்று வரி வேண்டும் என்பது பாண்டாக் மார்க்டவுனின் விதி, கையேட்டில் இருக்கிறது. தலைப்புக்கு முன்னாலும் அதே விதிதான். இந்த இரண்டைத் தெரிந்துகொண்டாலே எனக்கு வரும் புகார்கள் பாதியாகக் குறையும்.

நேட்டிவில் தமிழை எதிர்பார்த்துப் பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். எழுத்துகளுக்குப் பதில் எண்கள் இருக்கும். க என்றால் 2965. கோப்பு கெட்டுப்போகவில்லை, ஆங்கிலம் அல்லாத எழுத்தை யூனிகோடு எண்ணாகக் காட்டுவது அந்த வடிவத்தின் வழக்கம். எழுத்தாகவே வேண்டும் என்றால் ‘ஜேசன்’ கொடுங்கள். ஆனால் எண்களை நான் விரும்பியே பார்க்கிறேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாததை அவை காட்டிவிடும். கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 2965, 3018 என்று இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். 2965, 3014, 3006 என்று ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக, மூன்று குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டுரையாளர் ஒரு விசைப்பலகையில் ‘கொடி’ என்று அடிக்குறிப்புக்குப் பெயர் வைத்து, குறிப்பை வேறொரு கணினியில் எழுதினால் இரண்டும் சேராது. உரையில் சதுர அடைப்பும் பெயரும் அப்படியே வந்து நிற்கும்; ‘நோட்’ வரையறுக்கப்பட்டும் பயன்படுத்தப்படவில்லை என்று டெர்மினலில் எச்சரிக்கையும் வரும். இப்படி ஒன்று மாட்டினால் மூலக் கோப்பைச் சரிசெய்யுங்கள். வேறு ஏதாவது காரணத்துக்காகப் புகார் எழுதும்போதும் இந்த மாதிரி உரையை உலாவியில் ஒட்டாமல் கோப்பாகவே இணையுங்கள். வெட்டி ஒட்டும் வழியில் எங்காவது குறிகள் மாறிவிடலாம்.

மரம் சரியாக இருக்கிறது, பிடிஎஃப் மட்டும் தவறு என்றால் அடுத்து லாடெக். “தமிழே வரலை” என்பது கிட்டத்தட்ட எப்போதும் இங்கேதான் நிற்கிறது. பாண்டாக் இயல்பாகப் பயன்படுத்தும் லாடெக் வகையான பிடிஎஃப்லாடெக், தமிழ் எழுத்தைப் பார்த்ததும் பிழை சொல்லி நின்றுவிடும். அதுவே நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது. ஸீலாடெக் என்ற இன்னொரு வகைக்கு மாறிவிட்டு எழுத்துரு சொல்லாமல் விட்டால்தான் சிக்கல். வேலை முடிந்ததுபோல பிடிஎஃப் வரும், தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக இருக்கும். டெர்மினலில் ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்று எச்சரிக்கை ஓடியிருக்கும், பக்கத்திலேயே எழுத்துருவின் பெயரும் இருக்கும். அது லத்தீன் மாடர்ன் என்றால் விஷயம் முடிந்தது. அதில் தமிழ் கிடையாது. ‘மெயின்ஃபாண்ட்’ என்ற மாறிக்கு நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்.

அதைக் கொடுத்த பிறகும் ஒருவர் திரும்பி வந்தார்: “பத்தியெல்லாம் வந்துடுச்சு அண்ணே, கட்டம் போட்ட கோடுக்குள்ள மட்டும் வரலை.” கோடு என்று அவர் சொன்ன நிரல் துண்டுகளுக்கு ‘மோனோஃபாண்ட்’ என்ற தனி மாறி. அதை மாற்றாவிட்டால் அங்கே மட்டும் பழைய லத்தீன் எழுத்துருதான். சாய்வெழுத்து சாயவில்லை என்ற புகாரும் இதே வகை. பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே இல்லை, லாடெக் நேர் எழுத்தைப் போட்டுவிட்டு ஓரமாக ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டுப் போகும்.

வேர்டில் இன்னொரு கூத்து. பாண்டாக்குக்குக் கொடுக்கும் மாதிரி வேர்ட் கோப்பில் எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மாறும், தமிழ் மாறாது. வேர்டின் கணக்கில் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’. அதற்கு எழுத்துருவும் அளவும் தனியாக வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வேர்ட் கோப்பின் பெயரில் வால்பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து, உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லைப் பாருங்கள். பாண்டாக் எழுதியது அதுதான். திரையில் தெரிவது வேர்ட் அதைப் புரிந்துகொண்ட விதம். இபப்பும் இதேபோல ஜிப்தான்.

இத்தனைக்கும் பிறகு கோளாறு நிற்கிறதா? சரி, வெர்ஷனைப் பாருங்கள். உபுண்டு 22.04 தரும் பாண்டாக் 2.9.2.1, அது 2020இல் வந்தது. 3.0 வந்ததே 2023 ஜனவரியில். பழையதில் இருக்கும் வழுவை இன்று எழுதினால், புதியதில் பார்த்தீர்களா என்றுதான் கேட்பார்கள். ஆர்ஸ்டூடியோ, குவார்டோ போன்ற எழுதும் கருவிகள் தங்களோடு சொந்தமாக ஒரு பாண்டாக்கைக் கொண்டுவரும். டெர்மினலில் ஒன்று, எடிட்டருக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, என்றோ எங்கிருந்தோ எடுத்து உங்கள் பயனர் கோப்புறையில் போட்ட டெம்ப்ளேட் (வெளியீட்டின் வார்ப்பு) சத்தமில்லாமல் ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டிருக்கும். கட்டளையோடு சேர்க்கும் ‘டேட்டா டிர்’ என்ற சுவிட்சில் ஒரு காலி கோப்புறையைக் கொடுத்து, மரத்தை இடையில் மாற்றும் ஃபில்டர்களையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஈமேக்ஸ் எடிட்டரில் ஆர்க் மோடு என்ற வசதியை வைத்து எழுதுபவர்கள் பெரிய கியூ சுவிட்சோடு ஈமேக்ஸைத் திறந்தால் உங்கள் அமைப்புகள் எதுவும் ஏறாது. ஆர்க் மோடு பற்றிய புகாருக்கு ‘ஆர்க் சப்மிட் பக் ரிப்போர்ட்’ என்ற கட்டளையே இருக்கிறது, வெர்ஷன் விவரத்தை அதுவே நிரப்பித் தரும்.

அப்புறம் கோப்பைச் சுருக்க வேண்டும். நாற்பது பக்கக் கட்டுரையை யாரும் படிக்க மாட்டார்கள். தவிர, வெளிவராத ஒருவருடைய கதையைப் பொதுவெளியில் ஏற்ற நமக்கு உரிமையும் இல்லை. பாதியை அழியுங்கள், ஓட்டுங்கள். கோளாறு இன்னும் இருந்தால் மீதியில் பாதியை அழியுங்கள். போய்விட்டால் அழித்த பாதியை எடுத்துக்கொண்டு இதையே தொடருங்கள். ஐந்தாறு வரிக்கு வந்ததும் தமிழை எடுத்துவிட்டு ஏபிசி என்று போட்டுப் பாருங்கள். கோளாறு அப்போதும் வந்தால் அந்த ஆங்கிலக் கோப்பையே அனுப்புங்கள், பார்ப்பவருக்கு வேலை எளிது. தமிழில் மட்டும் வந்தால் அதுவே முக்கியமான தகவல். எந்த எழுத்து, அதன் யூனிகோடு எண் என்ன, எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் பொருந்தும் இடம் இது ஒன்றுதான். பிழைச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், உரையாக ஒட்டுங்கள்.

எழுதுவதற்கு முன் ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று, மூடிய இஷ்யூக்களையும் சேர்த்துத் தேடுங்கள். இல்லையென்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. அட்டவணைக்குள் இருக்கும் அடிக்குறிப்பு இபப்பில் காணாமல் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

தலைப்பு: மார்க்டவுனிலிருந்து இபப்: அட்டவணைக் கட்டத்துக்குள் உள்ள அடிக்குறிப்பு வெளியீட்டில் இல்லை
உள்ளீடு: இணைத்துள்ள ஆறு வரிக் கோப்பு
கட்டளை: (தட்டியது முழுவதும், ஒரு சுவிட்சும் விடாமல்)
வந்தது: குறிப்பு எண் இருக்கிறது, குறிப்பு இல்லை, எக்ஸ்எம்எல் துண்டு கீழே
எதிர்பார்த்தது: அத்தியாய முடிவில் குறிப்பு, எச்டிஎம்எல்லுக்கு மாற்றினால் சரியாக வருகிறது
நேட்டிவ்: குறிப்பு மரத்தில் இருக்கிறது
வெர்ஷன், இயங்குதளம்: (வெர்ஷன் கட்டளை தந்தது அப்படியே)

‘எச்டிஎம்எல்லில் சரியாக வருகிறது’ என்ற அந்த அரை வரியும் ‘மரத்தில் இருக்கிறது’ என்பதும் போதும், இபப் எழுதும் பகுதியைத்தான் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். ஒரு இஷ்யூவில் ஒரு வழுதான். “அப்படியே இன்னொன்றும்” என்று கடைசியில் சேர்த்தால் அந்த இன்னொன்று தொலைந்துபோகும்.

இது வழு அல்ல, விதி இப்படித்தான் என்று பதில் வந்தால் கோபப்பட வேண்டாம். கையேட்டில் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தெளிவாக இல்லை என்றால் கையேட்டைத் திருத்தச் சொல்லலாம், அதுவும் நல்ல இஷ்யூதான். வழுவைத் திருத்திவிட்டோம் என்று சொன்னால் அடுத்த வெளியீடு வரை காத்திருக்காமல், தினமும் உருவாகும் சோதனைப் பதிப்பான நைட்லி பதிப்பை இறக்கி, சுருக்கிய கோப்பை மட்டுமல்ல, முதலில் தகராறு செய்த முழுக் கட்டுரையையும் ஓட்டிப் பார்த்து, என்ன வந்தது என்று அதே இஷ்யூவில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.