விழா நாயகர்களுக்கு ஒரு முற்பகல் விருந்து: நிதி திரட்டும் பாராட்டு விழாவை முதன்முறை நடத்துபவர்களுக்கு

நான் முதன்முதலாக நடத்திய பாராட்டு விருந்தில் ஏறக்குறைய எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. நாற்காலிகள் போதுமானவை, சாப்பாடு சூடாக இருந்தது, மைக் தெளிவாகக் கேட்டது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலேயே பல ஆண்டுகள் மாலை வகுப்பு நடத்திய ஓர் அம்மையாரை மேடைக்கு அழைத்தோம். அவரைப் பற்றி வாசித்த குறிப்பில் ‘ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை’ என்று இருந்தது. அவர் ஒருநாள்கூட பள்ளியில் வேலை பார்த்தவர் அல்லர். முந்தின நாள் இரவு, யாரோ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு நான் எழுதிய குறிப்பு அது. அவர் மறுத்து ஒரு சொல்லும் சொல்லாமல் கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அவரிடம் படித்த இளைஞர் ஒருவர் பிறகு என்னிடம் வந்து, “அவருக்கே படிப்பு பாதியில் நின்றுபோனது. அதனால்தான் எங்களை நிற்க விடவில்லை” என்றார்.

மேடையில் சொல்லியிருக்க வேண்டியது அந்த இரண்டு வரிகளைத்தான். அரங்கத்துக்கும் அலங்காரத்துக்கும் நான்கு வாரம் அலைந்த எங்களுக்கு, அவரோடு ஒரு மணி நேரம் உட்காரத் தோன்றவில்லை. அதனால் இந்த விளக்கத்தில் சமையல், நாற்காலி பற்றிச் சுருக்கமாகவும், மனிதர்களைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன். விழாவுக்கு 12 வாரம் முன்னதாகவே வேலையைத் தொடங்க உட்காருங்கள்.

ஏன் முற்பகல்?

காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிய விருந்தை ஆங்கிலத்தில் ‘பிரன்ச்’ என்கிறார்கள். 1895-இல் இங்கிலாந்தில் கை பெரிங்கர் என்பவர் ஒரு கட்டுரையில் இந்த வேளை உணவுக்காக வாதாடினார். மனிதர்களைக் கலகலப்பாகப் பேசவைக்கும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. நமக்கு வேண்டியதும் அதுதான். முதியவர்கள் பகல் வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம், குழந்தைகளை அழைத்து வரலாம், இரவு விருந்து அளவுக்குச் செலவும் ஆகாது.

படி 1: பணம் யாருக்கு, எதற்கு?

ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘கல்விப் பணிக்கு’ என்று எழுதினால் போதாது. ‘மாலை வகுப்புக்கு வரும் 40 பிள்ளைகளுக்கு ஓராண்டுப் பாடநூல்கள்’ என்று எழுதினால், கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பணம் ஓர் அறக்கட்டளைக்குப் போவதாக இருந்தால், அதன் பெயரைப் பயன்படுத்த எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வசூலை யாருடைய சொந்த வங்கிக் கணக்கிலும் போடாதீர்கள். இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கணக்காக இருக்கட்டும். நம்பிக்கையானவர்கள்தானே என்று இதைத் தள்ளிப்போடுவார்கள். அந்த நம்பிக்கையானவர்கள் மீது பிற்பாடு ஒரு பேச்சு வராமல் காப்பதும் இந்த ஏற்பாடுதான்.

படி 2: யாரைப் பாராட்டுவது?

ஒரு விருந்துக்கு மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் போதும். பத்துப் பேரை மேடையேற்றினால் பெயர்ப் பட்டியல் வாசித்ததாக முடியும்.

பரிந்துரைகளை எல்லோரிடமிருந்தும் கேளுங்கள். படிவத்தில் மூன்று கேள்விகள் மட்டும் இருக்கட்டும்: இவர் என்ன செய்தார்? அதனால் யாருடைய வாழ்க்கை மாறியது? அதை நேரில் அறிந்த வேறொருவர் யார்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அவரிடம் பேசித்தான் செய்தியைச் சரிபார்க்க முடியும். தேர்வுக்குழு ஐந்து பேராக இருந்தால் முடிவு இழுபடாது. குழுவில் ஒருவருக்கு உறவினரோ தொழில் கூட்டாளியோ பரிந்துரையில் இருந்தால், அந்தப் பெயரைப் பேசும்போது அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

இங்கே ஒரு சோதனை கட்டாயம் வரும். பெரிய நன்கொடை தருகிறேன், என் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்று ஒருவர் கேட்பார், அல்லது அவருக்காக இன்னொருவர் கேட்பார். சேர்க்காதீர்கள். நன்கொடையாளருக்கு நன்றி சொல்ல வரவேற்புப் பலகை இருக்கிறது, நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் இருக்கிறது. விலைக்கு ஒரு கேடயம் போய்விட்டால் அதே மேடையில் கொடுத்த மற்ற மூன்றுக்கும் மதிப்புப் போய்விடும்.

பட்டியலை ஒருமுறை தள்ளி வைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே துறையா? எல்லோரும் ஏற்கெனவே பல மேடை கண்டவர்களா? பட்டம், பதவி, தொழில் வெற்றி ஆகியவை சாதனைகள்தாம். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் செவிலியரும், விளையாட்டுத் திடலை யாரும் கேட்காமலே பராமரிக்கும் பயிற்சியாளரும் தாமாக விண்ணப்பம் போட மாட்டார்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டியது குழுவின் வேலை.

தேர்ந்தெடுத்த பிறகு, அறிவிப்புக்கு முன் நேரில் போய்ச் சம்மதம் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். ஒருமுறை அன்போடு வற்புறுத்தலாம், இரண்டாம் முறை கூடாது. விழா நாயகரிடமும், அவரோடு வரும் குடும்பத்தினர் இருவரிடமும் கட்டணம் வாங்காதீர்கள். அழைப்பிதழ் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், அவர்களாகக் கேட்கும் சங்கடம் வேண்டாம்.

படி 3: அந்த ஒரு மணி நேரம்

விழாவுக்கு ஆறு வாரம் முன்பே ஒவ்வொருவரையும் போய்ப் பாருங்கள். இருவராகப் போங்கள்: ஒருவர் பேச, ஒருவர் எழுத. பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

‘உங்கள் சாதனைகளைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் நல்ல மனிதர்கள் வாயடைத்துப் போவார்கள். கேள்வியைச் சிறிதாக்குங்கள். இந்த வேலையைத் தொடங்கிய முதல் நாள் என்ன நடந்தது? விட்டுவிடலாம் என்று நினைத்த நாள் உண்டா, அன்று யார் தடுத்தார்கள்? உங்களிடம் வந்தவர்களில் அடிக்கடி நினைவுக்கு வருபவர் யார்? உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் முகம் மலர்கிறது. பிறகு அவருடைய மகளிடமோ, உடன் வேலை செய்தவரிடமோ கால் மணி நேரம் தனியாகப் பேசுங்கள். அவர் சொல்லக் கூச்சப்பட்டது அங்கே கிடைக்கும்.

பாராட்டுரை வாசிக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மனதுக்குள் படிக்கும் வேகம் ஏமாற்றும். எழுதும்போது ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்து அதை முழுதாகச் சொல்லுங்கள். ‘தன்னலமற்ற சேவையின் சிகரம், எளிமையின் உருவம்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும், அதனால் இவருக்குப் பொருந்தாது. ‘மழையில் வகுப்புக் கூரை ஒழுகிய மாலையில், பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாமல் தன் சமையலறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்’ என்று எழுதுங்கள். கேட்பவர்களே அவரைச் சிகரம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுவது கட்டாயம். ஆண்டு, ஊர், பதவிப் பெயர், சொந்தப் பெயரின் உச்சரிப்பு என அனைத்தையும் அவர் வாயாலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். நோய், குடும்பத் துயரம், கடன் போன்றவற்றை அவரே சொல்லச் சொன்னாலொழியச் சேர்க்காதீர்கள். அவரால் உதவி பெற்றவர்களின் பெயர்களுக்கும் இதே விதி. அரங்கத்தைக் கண்கலங்க வைப்பதற்காக ஒரு பிள்ளையின் வறுமையை மேடையில் விரித்துக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

படி 4: கணக்கு

எந்த நாணயத்துக்கும் பொருந்தும்படி பங்குகளாகச் சொல்கிறேன். ஒரு நுழைவுச்சீட்டின் விலை 10 பங்கு. ஒருவர் சாப்பிடும் செலவு 4 பங்கு. மீதி 6. அரங்க வாடகை, ஒலி அமைப்பு, அச்சு, கேடயங்கள், கட்டணம் இல்லாமல் வரும் விழா நாயகர்களின் குடும்பங்களுக்கும் தொண்டர்களுக்கும் ஆகும் சாப்பாடு எல்லாம் சேர்ந்து 300 பங்கு என்று வையுங்கள். 300-ஐ 6-ஆல் வகுத்தால் 50. அதாவது முதல் 50 சீட்டுகள் செலவை மட்டுமே ஈடுகட்டுகின்றன, 51-ஆவது சீட்டிலிருந்துதான் நற்பணிக்குப் பணம் சேரத் தொடங்குகிறது. 100 பேர் வந்தால் 1,000 பங்கு வசூலாகும், நற்பணிக்கு 300 சேரும்.

இப்போது 180 பங்கு அரங்க வாடகையை ஒரு புரவலர் ஏற்றுக்கொள்கிறார் என்றால் நிலையான செலவு 120 ஆகிறது. 20 சீட்டிலேயே செலவு ஈடாகிவிடும், 100 பேர் வந்தால் 480 சேரும். சீட்டு விலையைக் கூட்டுவதைவிடப் புரவலரைத் தேடுவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான். விலை ஏறினால் இளைஞர்கள் வர முடியாது. முன்மாதிரிகளை யாருக்குக் காட்ட விழா எடுக்கிறோமோ அவர்களே வெளியே நின்றுவிடுவார்கள். புரவலர்களிடம் மாணவர்களுக்காகச் சில இடங்களை வாங்கித் தரச் சொல்லுங்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

வரிவிலக்கு ரசீது தருவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு கணக்காளரிடம் கேளுங்கள். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் சீட்டு விலை முழுவதும் நன்கொடையாகாது. சாப்பாட்டின் மதிப்பைக் கழித்த மீதிதான் நன்கொடை.

படி 5: அரங்கமும் சாப்பாடும்

5 அடி விட்டமுள்ள வட்ட மேசையில் எட்டுப் பேர் வசதியாக உட்காரலாம், 6 அடி மேசையில் பத்துப் பேர். மேசைகளுக்கு இடையில் சக்கர நாற்காலி செல்ல 90 சென்டிமீட்டராவது வழி விடுங்கள். மேடைக்குப் படிகள் மட்டும் இருந்தால் மேடையே வேண்டாம், தரையிலேயே நடத்துங்கள். படியேறத் தடுமாறும் முதியவரை நூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதை ஆகாது.

சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்ந்தது 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும். எனவே முழுவதையும் ஒரேயடியாக வெளியே எடுக்காமல் சிறிது சிறிதாக நிரப்பச் சொல்லுங்கள். பால், முட்டை, கொட்டை வகைகள், கோதுமை, மீன் இவற்றில் எது எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று அட்டையில் எழுதி முன்னால் வையுங்கள். ஒவ்வாமை உண்டா என்ற கேள்வி சீட்டு வாங்கும்போதே இருக்கட்டும்.

விழா நாயகர்களைத் தனி மேசையில் ஒன்றாக உட்காரவைக்காதீர்கள். மேசைக்கு ஒருவராகப் பிரித்து, அவரைச் சுற்றி இளைஞர்களை உட்காரவையுங்கள். மேடையில் மூன்று நிமிடத்தில் கிடைக்காதது பக்கத்து நாற்காலியில் கிடைக்கும்.

படி 6: நிகழ்ச்சி நிரல்

10:30-க்குக் கதவு திறக்கட்டும். 11:00 மணிக்கு மூன்று நிமிட வரவேற்பு, உடனே சாப்பாடு. மக்கள் தட்டோடு நிற்கும்போது யாரும் பேசக் கூடாது. 11:45-க்குப் பாராட்டு தொடங்கலாம். ஒருவருக்குப் பாராட்டுரை 3 நிமிடம், அவர் பேச 4, கேடயமும் புகைப்படமும் 1. நான்கு பேருக்கு 32 நிமிடம். பாராட்டுரையை அந்தந்த மனிதரை நன்கு அறிந்தவர் வாசிக்கட்டும். பேசத் தயங்குபவரிடம், பேச வேண்டியதில்லை, தொகுப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்பார் என்று முன்பே சொல்லி வையுங்கள். தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று அடுக்கிக்கொண்டே போகும் வழக்கத்தை இந்த ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

12:20-க்கு நன்கொடை வேண்டுகோள். ஒருவர் மட்டும் பேசட்டும், படி 1-இல் எழுதிய வாக்கியத்தைச் சொல்லட்டும், இரண்டு நிமிடத்தில் உட்காரட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று மேடையில் வாசிக்காதீர்கள். குறைவாகக் கொடுக்க முடிந்தவர் அந்த நேரத்தில் தலைகுனிவார். மேசைகளில் உறை வையுங்கள், இணையவழியில் செலுத்தும் குறியீட்டையும் அச்சிட்டு வையுங்கள். குலுக்கல் பரிசு நடத்த ஆசை இருந்தால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் அதற்கு உரிமம் வேண்டும்.

12:45-க்கு முடித்துவிடுங்கள். பேசிக்கொண்டே நிற்பவர்களை யாரும் விரட்ட வேண்டாம், அரங்கத்தை 1:30 வரை எடுத்து வையுங்கள்.

படி 7: மறுநாளும் அதற்குப் பிறகும்

பணத்தை அன்றே இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டு வாரத்துக்குள் வரவு, செலவு, நற்பணிக்குச் சேர்ந்த தொகை மூன்றையும் வந்திருந்த எல்லோருக்கும் அனுப்புங்கள். தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றாலும் அனுப்புங்கள்.

விழா நாயகருக்குப் பாராட்டுரையை நல்ல தாளில் அச்சிட்டு, புகைப்படங்களோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தலைமை ஆசிரியை என்று நாங்கள் தவறாக வாசித்த அம்மையாரிடம் அப்படித்தான் போனேன், மன்னிப்புக் கேட்டு, சரியாக எழுதிய தாளோடு. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். பிறகு, மாலை வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளில் மூத்தவளைக் கூப்பிட்டு, “இதைச் சத்தமாகப் படி” என்று அவள் கையில் கொடுத்தார்.