அய்மாரா நெசவு கற்பவர்களே, கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள்

நூல் சிக்குவதும் வரி கோணுவதும் பழகப் பழகச் சரியாகிவிடும். பொலிவியாவின் மலைச் சமவெளியில் அய்மாரா பெண்கள் நெய்யும் சடங்குத் துணிகளைக் கற்க வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு தவறுகள்.

முறுக்கு போதாத நூல்

இந்தத் துணியில் வெளியே தெரிவது பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், மட்டும்தான். நெருக்கமாக நின்று ஒன்றோடொன்று உரசும். இரட்டை இழையைத் தொய்யவிட்டால் தானாகச் சுருண்டு கொள்ள வேண்டும். சுருளாவிட்டால் மறுபடி முறுக்குங்கள்.

கடைசி நாலு விரல் அளவை நெய்யாமல் அறுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. நம் கைத்தறியில் சேலை முடிந்ததும் பாவை அறுத்து எடுக்கிறோம். தரையில் அடித்த நான்கு முளைகளில் கட்டிய அய்மாரா தறியில் பாவு நூல் அறுபடாமல் இரண்டு கோல்களுக்கு நடுவே போய்த் திரும்புகிறது. ஒரு முனையில் கொஞ்சம் நெய்துவிட்டு மறுமுனையிலிருந்து வருவார்கள். இரண்டும் நெருங்கும்போது விழுதை, அதாவது பாவு நூல்களைத் தூக்கும் கண்ணிகளை, கழற்ற வேண்டும். லாமா எலும்பால் செய்த தட்டுக்கருவி உள்ளே நுழையாது. மிச்சத்தை ஊசியால்தான் கோக்க வேண்டும். ஒரு சாண் நெய்த நேரம் இங்கே ஒரு விரலுக்குப் போகும்.

போன பயிற்சியில் ஒருவர், அழகாக நெய்த தாரியை அந்த இடத்தில் அறுத்து, மெஷினில் ஓரம் அடித்துக் கொண்டுவந்தார். எவ்வளவு உழைப்பு, எல்லாம் வீண். தாரி என்பது கோகா இலை வைக்கும் சிறு துணி. அதை விரித்து இலை போட்டுக் குறி கேட்பார்கள். நாலு பக்கமும் கரை மூடியிருந்தால்தான் அது முழுத் துணி. துணிக்கு உயிர் உண்டு என்று எண்ணும் மக்கள் அவர்கள். சிலியின் இஸ்லுகாவில் பையின் நடுப்பட்டைக்கே இதயம் என்று பெயர். பொலிவியாவின் கொரோமாவில் முன்னோரின் ஆடைகளை மூட்டையாகக் காத்து, அனைத்துப் புனிதர் நாளில் வெளியே எடுப்பார்கள். வியாபாரிகள் அவற்றை அமெரிக்காவுக்குக் கடத்தியபோது, முன்னோரே போய்விட்டதாக ஊர் தேடியது. 1992-இல் ஒரு பகுதி திரும்பி வந்தது. இப்படிப்பட்ட துணியில் கத்தரி வைக்க எப்படி மனம் வருகிறது?

மெல்லிய கோல்கள் இரண்டும் நீள ஊசி ஒன்றும் முதல் நாளே எடுத்து வையுங்கள். முடிகிற இடத்தில் கோலம் கலையும். கலையட்டும், பழைய துணிகளிலும் அந்தத் தடம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

ஒரே பக்கம் முறுக்கிய நூல்

கரை சுருளும். ஓரத்தில் இடது முறுக்கு நூலையும் சேருங்கள். சடங்கில் காப்பாகக் கட்டுவதும் அதே நூல்தான்.

இயற்கைச் சாயம்தான் மரபு என்பது

செயற்கைச் சாயம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அங்கே வந்துவிட்டது. பளிச்சென்ற ரோஸும் அவர்களுடைய நிறம்தான்.

தாக்கீலே துணியை அய்மாரா என்பது

பெருவின் டிடிகாக்கா ஏரியிலுள்ள தாக்கீலே தீவில் பேசுவது அய்மாரா அல்ல, கெச்சுவா என்ற வேறு மொழி.