ஸ்லாவிக் பேருக்கு அர்த்தம் கண்டுபிடிக்கறது எப்படி? ரெண்டா ஒடச்சு பாருங்க

விளாடிமிர், யாரோஸ்லாவ், ஸ்தானிஸ்லாவ், லூத்மிலா... ரஷ்யன், உக்ரைன், போலிஷ், செக், செர்பியன் மாதிரி ஒரே குடும்பத்து ஸ்லாவிக் மொழிகள்ல வர்ற இந்த மாதிரி பேருக்கு அர்த்தம் தேடினா பேபி நேம் சைட் எல்லாம் "உலகை ஆள்பவன்"னு ஒரே வரியில முடிச்சுட்டு அடுத்த பேருக்கு போயிடும். ஒரு பத்து பன்னெண்டு வேர்ச்சொல் தெரிஞ்சா போதும், நீங்களே அதவிட ஒழுங்கா பிரிச்சு பாத்துடலாம்.

ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி அது நெஜமாவே ஸ்லாவிக் பேர்தானான்னு பாத்துக்கோங்க. ரஷ்யான்னாலே நமக்கு ஞாபகம் வர்ற பேர்ல பாதி வெளிய இருந்து வந்ததுதான். இவான் ஹீப்ரூ பேரு, கிரேக்கம் வழியா உள்ள வந்துச்சு. திமித்ரி கிரேக்க தேவி தேமேத்தர் பேர்ல இருந்து வந்தது, நடாஷா லத்தீன் நதாலியாவோட செல்லப்பேரு, ஓல்கா ஓலெக் ஈகோர் மூணும் ஸ்காண்டிநேவியாவுல இருந்து வந்த ஹெல்கா, ஹெல்கி, இங்வார். 988ல கீவ் இளவரசர் விளாடிமிர் கிறிஸ்தவத்துக்கு மாறினாரு, அதுக்கப்புறம் ஞானஸ்நானத்துக்கு திருச்சபை லிஸ்ட்ல இருக்கற புனிதர் பேர்தான்னு ஆகி பழைய பேரெல்லாம் மெல்ல ஒதுங்கிடுச்சு. அந்த விளாடிமிருக்கே ஞானஸ்நானப் பேரு வசீலி! அவர் பின்னாடி புனிதர் ஆனதால விளாடிமிர்ங்கற பேரு தப்பிச்சுது. இன்னொரு வகை இருக்கு, வேரா (விசுவாசம்), நதேஷ்தா (நம்பிக்கை), லியூபோவ் (அன்பு). சொல்லு சுத்தமான ஸ்லாவிக், ஆனா பேரா வந்தது கிரேக்க மொழியில இருந்த மூணு புனிதைகள் பேர மொழிபெயர்த்து. அவங்க அம்மா சோஃபியா பேர மட்டும் ஏனோ அப்படியே விட்டுட்டாங்க.

சரி, இப்ப ஒடைங்க. பின்பாதிய முதல்ல பாருங்க, அதுதான் ஈஸி. ஸ்லாவ்னா புகழ். மில்னா அன்பான. போல்க்னா படை. மிர்னா அமைதி, உலகம்னும் ஒரு அர்த்தம் இருக்கு, 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி ரஷ்யன்ல இந்த ரெண்டுக்கும் ஸ்பெல்லிங்கே வேற. முன்பாதியில வர்றது இன்னும் நெறைய: யாரோ (உக்கிரம்), ஸ்வியாதோ (புனிதம்), ம்ஸ்தி (பழி), ரோஸ்தி (வளர்ச்சி), லூத் (மக்கள்), போலெ (இன்னும் அதிகம்), போக் (கடவுள்). அப்ப லூத்மிலான்னா மக்கள் + அன்பு, போலெஸ்லாவ்னா அதிகம் + புகழ். போக்தான்னா கடவுள் + கொடுத்தது.

இங்க ஒரு விஷயம், ரெண்டு பாதியையும் ஒட்டி ஒரு வாக்கியமா ஆக்க ரொம்ப மெனக்கெடாதீங்க. பத்தாம் நூற்றாண்டு கீவ் அரச குடும்பத்தையே எடுத்துக்கோங்க. ஸ்வியாதோஸ்லாவ்னு ஒரு ராஜா. மகன் பேரு யாரோபோல்க். அதுக்கடுத்த தலைமுறையில ஒருத்தன் ஸ்வியாதோபோல்க், இன்னொருத்தன் யாரோஸ்லாவ். கவனிச்சீங்களா, ஸ்வியாதோ, ஸ்லாவ், யாரோ, போல்க், இந்த நாலே துண்டத்தான் திருப்பி திருப்பி கோத்திருக்காங்க. தாத்தா பேர்ல பாதி வந்தாச்சா, நம்ம வம்சம்னு தெரியுதா, அதான் அவங்களுக்கு முக்கியம், "உக்கிரமான படை"ன்னு யோசிச்சு உக்காந்து வெச்ச மாதிரி தெரியல. அதனால யாரோஸ்லாவ்னா "புகழ், உக்கிரம் ரெண்டும் சேர்ந்த வாழ்த்து"ன்னு எடுத்துக்கிட்டா போதும்.

அடுத்து, ஒரே பேரு நாட்டுக்கு நாடு எப்படி மாறுதுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, எனக்கு இதுலதான் சுவாரஸ்யமே. ரஷ்யன்ல விளாடிமிர், உக்ரைன்ல வோலோதிமிர், போலிஷ்ல வ்வொஜிமியெஷ். கிழக்கு ஸ்லாவ் மக்களோட சொந்த உச்சரிப்பு வோலோதி, அந்த 'விளா'ங்கறது தெக்கு பக்கத்துல உருவான சர்ச் மொழியில இருந்து வந்தது. ரஷ்யாக்காரங்க ஃபுல் பேர சர்ச் ஸ்டைல்ல மாத்திக்கிட்டாலும் வீட்ல செல்லமா கூப்பிடறப்ப இன்னமும் வோலோத்யாதான்! உக்ரைன், செக் மாதிரி மொழிகள்ல 'க' (g) ஒலி 'ஹ' ஆயிடும், அதனால போக்தான் அங்க போஹ்தான். ரொம்ப உருமாறினதுன்னா செக்ல வர்ற வாத்ஸ்லாவ். ரஷ்யன்ல வியாசெஸ்லாவ், லத்தீன்ல வென்செஸ்லாவுஸ், மூணும் ஒண்ணுதான், "அதிகம் + புகழ்". பழைய காலத்துல அதுல ஒரு மூக்கொலி இருந்துச்சு, செக்லயும் ரஷ்யன்லயும் அது போயிடுச்சு, லத்தீன்ல 'ன்' ஆ மாட்டிக்கிச்சு. செக் தலைநகர் ப்ராக் நடுவுல இருக்கற பெரிய சதுக்கம் இந்த பேர்ல இருந்த இளவரசர் பேர்லதான் இருக்கு.

கிடைக்கறதுலயே பழைய ஸ்பெல்லிங்க தேடறதும் முக்கியம். விளாடிமிர்ல 'விளாடி' ஆட்சி, அதுல சண்டை இல்ல. ஆனா பழைய காலத்து வருஷவாரி சரித்திர ஏடுகள்ல அது வோலோதிமேர்னு இருக்கு, கடைசில மிர் இல்ல, 'மேர்'. அதுக்கு பெரிய, பேர் பெற்றன்னு அர்த்தம் சொல்றாங்க, ஜெர்மானிய பேரான வால்டெமார்ல வர்ற 'மார்' இதுக்கு ஒறவு. ஜனங்களுக்கு மேர் புரியாம போக, தெரிஞ்ச சொல்லான மிர்ர போட்டுட்டாங்க. ஆக "உலகை ஆள்பவன்" பின்னாடி ஒட்டின அர்த்தம், முதல்ல இருந்தது "ஆட்சியில பெரியவன்" மாதிரி ஒண்ணு.

எல்லா பேரும் ரெண்டா ஒடையாது. பழைய ரஷ்யாவுல மூணாவதா பொறந்தவன் த்ரெத்யாக், எதிர்பாக்காம பொறந்தவன் நெஷ்தான். நெக்ராஸ்னா அழகில்லாதவன், கெட்ட சக்தி கண்ணுல கொழந்தை படாம இருக்கட்டும்னு வெச்சது. செர்பிய எழுத்த சீர்திருத்தின வூக் கராஜிச் 1787ல பொறந்தப்ப அவருக்கு முன்னாடி பொறந்த கொழந்தைங்க தங்காம போயிருந்துச்சு, சூனியக்காரிங்க ஓநாய்கிட்ட வரமாட்டாங்கன்னு நம்பி வூக், அதாவது ஓநாய்னே பேரு வெச்சாங்க.

கடைசியா பழசு மாதிரி தெரியற புதுசு. ஸ்வெத்லானா (ஒளி) கேக்க ஆதிகாலத்து பேரு மாதிரி இருக்கும், ஆனா 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கவிஞர்கள் உண்டாக்கினது, ஷுகோவ்ஸ்கி 1813ல வெளியிட்ட கவிதையாலதான் பரவுச்சு. விளாத்லென் அதவிட மோசம், "விளாடிமிர் லெனின்"ன சுருக்கி சோவியத் காலத்துல செஞ்சது, அத போய் வேர்ச்சொல்லா பிரிச்சுட்டு உக்காராதீங்க.

அப்புறம் கையில செல்லப்பேரு மட்டும் இருந்தா ஒடைக்கவே ஆரம்பிக்காதீங்க, ஸ்லாவான்னு ஒருத்தர் சொன்னா அது யாரோஸ்லாவா, ரோஸ்திஸ்லாவா, வியாசெஸ்லாவா, எதுவா வேணா இருக்கலாம், முழுப்பேர கேட்டுட்டு வாங்க.